இருபத்தெட்டும் தப்பு

மதியம் வந்த பெண்மணி, சொல்ல வந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முதலில் மணி கேட்டார்.

“ஒண்ணு அஞ்சு,” என்றான், எல்லோரும் அவசரம் என்று கூப்பிடுகிறவன்.

“அப்போ இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. மூணு மணிக்கு அவர் வேலையை விட்டுடுவார்.”

அவன் அண்ணி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். “உக்காருங்க. யாரு?”

“என் வீட்டுக்காரர். ஆஸ்பத்திரில மருந்தாளர். இருபத்தாறு வருஷமா மருந்து கொடுக்கிறார். ராஜினாமா கடிதத்தைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் போயிருக்கார். பெரிய டாக்டர் மூணு மணிக்கு வருவாராம், அவர் கையிலேயே கொடுக்கணுமாம்.”

“மேலதிகாரியோட சண்டையா?” அவசரம் நோட்டை எடுத்துவிட்டான்.

“இல்லைங்க. குறுக்கெழுத்து.”

அவசரம் எழுதப் போன பேனாவை நிறுத்தினான்.

அண்ணி தடயவியல் ஆய்வகத்தின் ஆவணப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையெழுத்து, காகிதம், மை என்று எதில் சந்தேகம் வந்தாலும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் இங்கே வந்துவிடுவார்கள். அவளை அண்ணி என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே ஆள் அவசரம். அவள் கணவனின் தம்பி. ஆனால் அவன் வாசலில் நின்று கூப்பிடும் சத்தத்தில் தெரு முழுவதற்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவன் பெயரும் அவசரம் அல்ல. பதவி உயர்வு உத்தரவு வருவதற்கு முந்தின நாள் வேலையை விட்டவன் என்பதால் அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது.

“குறுக்கெழுத்து பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றாள் அண்ணி. “தெரியாதவளுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க.”

மருந்தாளரின் மனைவி பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்தார்.

“தினமும் பேப்பர்ல ஆறாம் பக்கத்துல வரும். இருபத்தெட்டு குறிப்பு. சுலபமா வராது, சுத்தி வளைச்சுத்தான் கேப்பாங்க. இவர் சாயங்காலம் வெட்டி ஒட்டி, போட்டு முடிப்பார். மறுநாள் கடைசிப் பக்கத்துல சின்னக் கட்டமா விடை வரும். அதையும் வெட்டிப் பக்கத்துல ஒட்டுவார். இத்தனை வருஷத்துல ஒண்ணு ரெண்டு தப்பு வரும், அதுக்கு மேல வந்ததில்லை. அவருக்கு ஒரு கணக்கு. என்னைக்கு இது வரலையோ, அன்னைக்கு மருந்து கொடுக்கறதை நிறுத்திடணும்னு. மூளை மங்கின ஆள் கையில மருந்து இருந்தா ஒரு உசுரு போயிடும்னு சொல்வார்.”

“இப்ப வரலையா?”

“பதினோரு நாளா வரலை.” அவர் நோட்டை அண்ணியிடம் நீட்டினார். “ஒண்ணு கூட.”

அண்ணி நோட்டைத் திறந்தாள். இடது பக்கத்தில் புதிர், பென்சிலால் நிரப்பியது. வலது பக்கத்தில் அச்சிட்ட விடை. பழைய பக்கங்களில் இரண்டும் அநேகமாக ஒன்றாக இருந்தன. ஒன்றாம் தேதியிலிருந்து, ஒட்டிய விடைக்கும் எழுதிய விடைக்கும் சம்பந்தமே இல்லை.

ஓரங்களில் மருந்தாளர் தனக்குத்தானே கிறுக்கியிருந்தார். ‘வீட்டைச் சுமந்து நடக்கும்’ என்ற குறிப்புக்கு அவர் எழுதியது நத்தை. அச்சில் வந்தது பாலம். பக்கத்தில் சின்ன எழுத்தில்: பாலத்தின் மேல் வீடு? ‘அழுதால்தான் வெளிச்சம்’ என்பதற்கு மெழுகுவத்தி என்று போட்டிருந்தார். அச்சில் எறும்புகள். பக்கத்தில் மூன்று முறை எறும்பு என்று எழுதி, கடைசியில் ஒரு கேள்விக்குறி.

“எறும்பு எப்படிங்க வெளிச்சம் தரும்?” என்றான் அவசரம்.

“ஒரு ராத்திரி முழுக்க இவரும் அதைத்தான் கேட்டுட்டு இருந்தார். கண்டிப்பா ஏதோ காரணம் இருக்கும், எனக்குத்தான் புரியலைன்னு.”

“பேப்பர்ல தப்பா போட்டிருக்கலாமே?”

“நானும் அதான் சொன்னேன். ஆனா ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் இருக்காங்க, தினமும் ரயில்ல வந்து போறவங்க. அவங்களும் இதே பேப்பர்ல இதே குறுக்கெழுத்து போடறாங்க. அவங்களுக்கு எல்லாம் சரியா வருதாம். அதைக் கேட்டதும் இவர் முகம் விழுந்துடுச்சு.”

“கட்டம் தினமும் இப்படியேதான் இருக்குமா?” அண்ணி விரலால் கறுப்புக் கட்டங்களைத் தொட்டாள்.

“எனக்குக் கல்யாணம் ஆனதுலேர்ந்து இதே கட்டம்தான். வார்த்தைதான் மாறும்.”

“விடையை எப்ப ஒட்டுவார்?”

“முன்னாடியெல்லாம் வீட்டுலதான், காலைல பேப்பர் வந்ததும். ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஆறு மணி ஷிப்டு. பேப்பர் ஏழு மணிக்குத்தான் வருது. அதனால நோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போய் அங்கயே ஒட்டிட்டு வந்துடறார். இன்னைக்கு மட்டும் எடுத்துட்டுப் போகலை. இனிமே எதுக்குன்னு கேட்டார்.”

கடைசிப் பக்கத்தில் நேற்றைய புதிர் நிரம்பியிருந்தது. எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது.

“வேற ஏதாவது மறதி? சாவி, பேரு, வழி?”

அவர் தயங்கினார். “ஒரு தடவை. போன வாரம் விஷ மருந்து அலமாரியைப் பூட்டாம ஒரு மணி நேரம் விட்டுட்டாராம். ஒண்ணும் ஆகலை. ஆனா அதைச் சொல்லிச் சொல்லித்தான்…”

அவசரத்துக்குக் கண் மின்னியது. “அவருக்கு அடுத்த இடத்துல யார் இருக்கா?”

“ஜூனியர் ஒருத்தர். எட்டு வருஷமா.”

“எட்டு வருஷமா காத்துட்டு இருக்கார்! கேட்டீங்களா அண்ணி? அலமாரியைத் திறந்து வெச்சது யாரு? விடையை மாத்தி ஒட்டினது யாரு?”

“பசை காயறதுக்குள்ள ஆளைப் பிடிச்சுட்டியே,” என்றாள் அண்ணி. மேசையிலிருந்த எஃகு அளவுகோலை எடுத்து, ஒட்டியிருந்த ஒரு விடையின் ஓரத்தில் நுழைத்தாள். மூலையில் மட்டும் பசை வைத்திருந்ததால் தாள் எழுந்து நின்றது. பின்பக்கத்தைப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். எல்லா விடைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து முடிக்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

“என்ன தெரியுது?” அவசரத்தால் உட்கார முடியவில்லை.

“நீயே பாரு. ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி ஒட்டினதுல, பின்னாடி சினிமா விளம்பரம். தியேட்டர் பேரு, காட்சி நேரம். அதுக்கு அப்புறம் ஒட்டினதுல பின்னாடி மழை அளவு. எந்த ஊர்ல எத்தனை மில்லிமீட்டர்னு ஒரு பட்டியல்.”

“ஒண்ணாம் தேதியிலேர்ந்து மழையா?” அவசரம் ஜன்னலைப் பார்த்தான். வெளியே வெயில் கொளுத்தியது. “ஒரு சொட்டு விழலையே. அண்ணி, எனக்குத் தலை சுத்துது.”

மருந்தாளரின் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அவருக்கு நிஜமாவே வியாதியா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“நான் டாக்டர் இல்லைம்மா. ஆனா முப்பது வருஷம் தப்பைத்தான் பாத்துட்டு இருந்தேன்.” அண்ணி நோட்டை மூடினாள். “தப்புக்கு ஒரு குணம் உண்டு. அது சிதறும். மறதி வந்தவர் அஞ்சு தப்பா போடுவார், நாலு காலியா விடுவார், மிச்சம் சரியா இருக்கும். இவர் ஒண்ணைக்கூடக் காலியா விடலை. இருபத்தெட்டு வார்த்தையும் ஒண்ணோட ஒண்ணு குறுக்கே போய்ச் சரியா பொருந்துது. இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ண யாராலயும் முடியாது.”

“அப்படின்னா?”

“ஒரு போன் பண்ணணும். நீங்க வீட்டுக்குப் போய் இன்னைக்கு வந்த பேப்பரை எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. பிரிச்சுப் பார்க்காதீங்க.”

பத்திரிகை அலுவலகத்தில் மூன்று பேர் மாற்றி மாற்றி எடுத்தார்கள். கடைசியில் கிடைத்தவரிடம் அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “உங்க பேப்பர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அச்சாகுது?” அவர் சொன்ன நீண்ட பதிலைக் கேட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

“எத்தனை தடவை?” என்றான் அவசரம்.

“ஆட்டோ பிடி.”

*

மருந்தகத்தின் பின்னறை சிறியது. சுவர் முழுக்க எண் போட்ட இழுப்பறைகள், தரையில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள், மூலையில் உறுமிக்கொண்டிருந்த குளிர்பெட்டி. ஜன்னலுக்கு வெளியே டோக்கனோடு ஒரு வரிசை. மருந்தாளர் மெலிந்த மனிதர். ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து, பெயரை வாய்விட்டுப் படித்து, மறுபடி சீட்டைப் பார்த்து, பிறகும் கொடுக்கத் தயங்கி நின்றார். வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மணி இரண்டரை.

அண்ணி தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் அவர் கும்பிட்டார். “என் வீட்டுல அனுப்பினாங்களா? வீண் சிரமம்ங்க. முடிவு பண்ணியாச்சு.” சட்டைப் பையில் உறையின் வெள்ளை ஓரம் தெரிந்தது.

“பத்து நிமிஷம் கொடுங்க. சிஸ்டரையும் கூப்பிடணும்.”

சிஸ்டர் ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி. ஜன்னலுக்குத் தற்காலிகமாக ஒரு பலகையைச் சாத்திவிட்டு ஜூனியரும் வந்து நின்றார். அவசரம் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என்ன சார் என்னையே பாக்கறீங்க?” என்றார் ஜூனியர்.

“ஒண்ணுமில்லை. அலமாரி சாவி எத்தனை?”

“ஒண்ணு. அது சார் இடுப்புலதான் இருக்கு.”

அவசரத்தின் முகம் சுருங்கியது.

“சிஸ்டர்,” என்றாள் அண்ணி, “இவருக்குத் தினமும் விடையைக் கொடுக்கிறது நீங்கதானே?”

“ஆமாம். காலைல என் பேப்பர்ல கடைசிப் பக்கத்துல வெட்டிக் கொடுப்பேன். புதிர் இருக்கிற ஆறாம் பக்கத்தை மடிச்சுப் பையிலேயே வெச்சுடுவேன். சார் சாயங்காலம்தான் போடுவார். முன்னாடியே குறிப்பு கண்ணுல பட்டா சுவாரசியம் போயிடும் பாருங்க.”

“நீங்க ரெண்டு பேரும் குறிப்பைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்லையா?”

சிஸ்டர் தர்மசங்கடமாக மருந்தாளரைப் பார்த்தார். “விடை வர்றதுக்கு முன்னாடி பேசக்கூடாது. அது குறுக்கெழுத்துக்காரங்க வழக்கம். விடை வந்தப்புறம் பேசலாம். ஆனா முதல் நாளே சார் நோட்டைப் பாத்துட்டு உக்காந்துட்டார். அந்த முகத்தைப் பாத்துட்டு, இந்தக் குறிப்பு எவ்வளவு அழகு பாத்தீங்களான்னு எப்படிங்க கேக்கறது? சரியா வந்துச்சான்னு அவர் கேட்டார், வந்துச்சுன்னு சொன்னேன். அதோட சரி.”

“சார், நேத்துப் புதிர்ல முதல் குறிப்பைச் சொல்லுங்க.”

மருந்தாளர் தலை குனிந்தார். “வேணாம்மா. இவங்க எல்லார் முன்னாடியும் எதுக்கு?”

“நேத்துக்குத்தான் இன்னைக்கு விடை வந்தாச்சே, சொல்லலாம் சார்,” என்றார் சிஸ்டர் மெதுவாக.

அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவரைப் போலச் சொன்னார்: “ஒண்ணு, இடமிருந்து வலம். ‘ஏறும், இறங்காது.’ மூணு எழுத்து.”

சிஸ்டர் புருவத்தைச் சுருக்கினார். “இல்லையே.”

“என்ன இல்லை?”

“ஒண்ணு, இடமிருந்து வலம், ‘தட்டினால் வழிவிடும்.’ கதவு. ரயில்ல உக்காந்ததும் முதல்ல அதைத்தானே போட்டேன்.”

குளிர்பெட்டியின் உறுமல் நின்றது.

“நான் வயதுன்னு போட்டிருக்கேன்,” என்றார் மருந்தாளர்.

“நீங்க சொன்ன குறிப்புக்கு வயதுதான் சரி சார். ஆனா அந்தக் குறிப்பு பேப்பர்ல வரவே இல்லையே!”

“வந்துச்சு சிஸ்டர். நோட்டுல ஒட்டியிருக்கு.”

“ரெண்டாவது என்ன?”

“‘தலை போனாலும் எழுதும்.’”

“எனக்கு ‘ஊருக்கெல்லாம் ஒரே விளக்கு.’”

இருவரும் ஒருவரை ஒருவர் பயத்தோடு பார்த்துக்கொண்டார்கள். தான்தான் தவறு என்று மருந்தாளர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. இப்போது சிஸ்டரும் தன்னைப் பற்றி அப்படியே நினைக்கத் தொடங்கியிருந்தார்.

“அண்ணி,” அவசரம் கிசுகிசுத்தான், “ரெண்டு பேருக்குமா வியாதி?”

அப்போது மருந்தாளரின் மனைவி மூச்சிரைக்க உள்ளே வந்தார், கையில் பிரிக்காத செய்தித்தாள். அண்ணி அதை வாங்கி மேசையில் வைத்தாள். சிஸ்டரின் பேப்பரையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். ஒரே பெயர், ஒரே தேதி. ஆனால் முதல் பக்கத்தில் தலைப்புச் செய்தி வேறாக இருந்தது.

“இது உள்ளூர்ப் பதிப்பு. அது வெளியூர்ப் பதிப்பு,” என்றாள். “சிஸ்டர் ஊருக்குப் போக வேண்டியது முந்தின நாள் சாயங்காலமே அச்சாகி ரயில் ஏறிடும். அதை அங்க வாங்கி, திரும்ப ரயில்ல இங்க கொண்டு வர்றாங்க. உள்பக்கம் எல்லாம் தனித்தனி. இங்க சினிமா விளம்பரம் போடற இடத்துல அங்க ஊர் ஊரா மழை அளவு போடறாங்க. அது போன மாசத்துப் பட்டியலா இருந்தாலும் போடுவாங்களாம். குறுக்கெழுத்தும் ரெண்டு. அதைத் தயாரிக்கிறவங்களும் வேற வேற ஆளு. கட்டம் மட்டும் ஒண்ணு, ஏன்னா அதை யாரும் மாத்தினதே இல்லை.”

மருந்தாளர் பேப்பர்களைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீங்க வீட்டுப் பேப்பர்ல புதிரைப் போட்டுட்டு, சிஸ்டர் பேப்பர்ல விடையைப் பாத்தீங்க. சிஸ்டர் ரெண்டையும் ஒரே பேப்பர்ல பாத்தாங்க. அவங்களுக்குச் சரியா வந்துச்சு, உங்களுக்கு வரலை. கட்டம் வேற மாதிரி இருந்திருந்தா அன்னைக்கே சிரிச்சிருப்பீங்க. நீங்க வெட்கப்பட்டுப் பேசலை. அவங்க உங்க மனசு நோகுமேன்னு பேசலை. ரெண்டு பேர் மரியாதையும் சேர்ந்து பண்ணின வேலை இது.”

“வீட்டுப் பேப்பர்லயும் விடை வருமே,” என்றார் மனைவி. “சாயங்காலம் அதைப் பாக்கலையா நீங்க?”

“விடைதான் கையில இருந்துச்சே,” என்றார் மருந்தாளர் மெல்ல. “மறுபடி எதுக்குப் பாக்கணும்?”

“இதெல்லாம் நான் சொல்றது. நிரூபணம் இந்தப் பேப்பர்ல இருக்கு.” அண்ணி கையோடு கொண்டுவந்த நோட்டைத் திறந்து, வீட்டுப் பேப்பரை ஜூனியரிடம் நீட்டினாள். “கடைசிப் பக்கம். நீங்க படிங்க. அவர் நோட்டை நான் பாக்கறேன்.”

ஜூனியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒண்ணு, வயது.”

“இருக்கு.”

“ரெண்டு, பென்சில்.”

“இருக்கு.”

ஏழாவதில் மருந்தாளர் கண்களை மூடிக்கொண்டார். பதினைந்தாவதில் ஜன்னல் பலகையை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள். “அட இருங்கய்யா!” என்று அவசரம் உள்ளிருந்தே கத்தினான். இருபத்தெட்டாவதைப் படிக்கும்போது ஜூனியரின் குரலே உயர்ந்திருந்தது.

“எல்லாம் சரி,” என்றாள் அண்ணி.

மனைவி அழத் தொடங்கினார். சிஸ்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “நான்தாங்க காரணம், நான்தான் வெட்டி வெட்டிக் கொடுத்தேன்,” என்று தானும் கண்ணைத் துடைத்தார்.

மருந்தாளர் மட்டும் அப்படியே நின்றார். “அப்போ அந்த அலமாரி?” என்றார். “அதையும் பேப்பர்தான் திறந்து வெச்சுதா?”

அவசரம் அண்ணியைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான்.

“இல்லை,” என்றாள் அண்ணி. “அது நீங்கதான். சாவி ஒண்ணுதான் இருக்கு.”

“அப்படின்னா நான் பயந்தது சரிதானே?”

“பயந்தது சரி. பரிசோதனைதான் தப்பு. குறுக்கெழுத்து நல்லா வந்துச்சுன்னா குறுக்கெழுத்து நல்லா வருதுன்னு மட்டும்தான் அர்த்தம். அலமாரி பூட்டியிருக்கான்னு அது சொல்லாது. என் ஆய்வகத்துல நான் பாத்த ஒவ்வொரு தாளையும் இன்னொருத்தர் பாத்துதான் கையெழுத்துப் போடுவார். என் மேல நம்பிக்கை இல்லாம இல்லை. நான் மனுஷி, அவ்வளவுதான்.”

பலகையை மறுபடி தட்டினார்கள். மருந்தாளர் போய் அதைத் திறந்தார். ஒரு கிழவர் சீட்டை நீட்டினார். மருந்தாளர் படித்தார், இழுப்பறையைத் திறந்தார், இரண்டு அட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கை மறுபடியும் தயங்கியது. பிறகு அவர் திரும்பி, சீட்டையும் அட்டைகளையும் ஜூனியரிடம் நீட்டினார்.

“நீங்க ஒரு தடவை பாருங்க.”

எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார் என்பதை ஜூனியரின் முகமே சொன்னது. அவர் பெயரைப் படித்தார், அளவைப் படித்தார், தேதியைப் பார்த்தார். “சரியா இருக்கு சார்.”

“பேரு?”

“பேரும் சரி சார்.”

கிழவர் மருந்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அடுத்த டோக்கன் வந்தது. அதையும் இருவர் பார்த்தார்கள்.

மூன்றடித்து இரண்டு நிமிடத்தில் ஓர் ஊழியர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தார். “சார், பெரிய டாக்டர் வந்துட்டார். ஏதோ கடிதம் கொடுக்கணும்னு சொன்னீங்களாமே, கூப்பிடறார்.”

மருந்தாளர் திரும்பவில்லை. கையில் ஒரு சீட்டு இருந்தது.

“கவுண்டர்ல கூட்டமா இருக்கு, வர முடியாதுன்னு சொல்லிடுப்பா,” என்றார்.